கேமராவுக்கு வைத்த பொட்டு

டிப்பருக்குள் கேமரா மாட்ட ஆள் வந்தபோது நான் வண்டிக்கு அடியில் படுத்து கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன். மேலே துளை போடும் சத்தம் கேட்டது. வெளியே வந்து ஏறிப் பார்த்தேன். ஸ்டியரிங்குக்கு மேலே, முன்கண்ணாடியை ஒட்டி, தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அது ரோட்டைப் பார்க்கவில்லை. என் இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ரோடு அந்தப் பக்கம் இருக்கு தம்பி" என்றேன்.

"தெரியுங்கண்ணே. இது டிரைவரப் பாக்குற கேமரா. நீங்க கண்ண மூடுனா சத்தம் போடும். போன் பேசுனா சத்தம் போடும். கொட்டாவி விட்டாக்கூட ஆபீசுக்குத் தகவல் போயிரும்."

"தும்முனா?"

"அதுக்கு ஒண்ணும் சொல்லாது" என்றான். சிரிக்கவில்லை. அவனுக்கு இன்னும் நிறைய வண்டி மாட்ட வேண்டியிருந்தது.

அரியலூரில் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அடிக்கும் டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டி ஒரு கான்ட்ராக்டருடையது. ஆலை கேட்டுக்குள் போக எனக்கு ஒரு பாஸ் இருந்தது. படம் ஒட்டிய அட்டை, கழுத்தில் கயிற்றில் தொங்கும். பாஸ் இருந்தால் வேலை இருக்கிறது. அவ்வளவுதான்.

அந்த வேலையில் நான் ஒட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் என் மனைவி.

நான் ஓரிடத்தில் இருக்கிறவன் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தேன். கேரளாவில் செங்கல் அறுத்தேன். பிறகு போர்வெல் போடும் ரிக் வண்டியில் சேர்ந்து, அங்கேதான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, வடக்கே பல மாநிலம் சுற்றினேன். யாரிடமும் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியதில்லை. ஒருநாள் காலையில் எழுந்தால் அந்த இடம் எனக்குத் தீர்ந்து போயிருக்கும். துணியைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

ரிக் வண்டியில் இருந்தபோது எங்களுக்கு ஒரு குழந்தை பிறந்தது. படத்தைப் போனில் அனுப்பினார்கள். அப்புறம் குழந்தை தங்கவில்லை என்ற செய்தியையும் போனில் அனுப்பினார்கள். நாங்கள் துளை போட்டுக்கொண்டிருந்த காட்டில் சிக்னல் கிடையாது. டவுனுக்கு டீசல் பிடிக்க வந்தபோது இரண்டும் ஒன்றாக வந்து விழுந்தன, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக. மேலே இருந்த படத்தைத்தான் முதலில் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மனைவி வரதராஜன்பேட்டையில் தன் அம்மா வீட்டோடு இருந்துவிட்டாள். முந்திரி உடைக்கும் கம்பெனிக்குப் போய்வந்தாள். நான் அரியலூரில் டிப்பர் வேலையில் சேர்ந்துவிட்டேன் என்று போனில் சொன்னபோது அவள் ஒரே ஒரு கணக்குச் சொன்னாள்.

"தை வரைக்கும் அதே வேலையில இருங்க. ஒரு வூடு பாத்து வைங்க. பொங்கலுக்கு நானே பெட்டியத் தூக்கிக்கிட்டு வரேன். நடுவுல ஓடுனீங்கன்னா அப்பறம் எனக்குப் போனே பண்ணாதீங்க."

ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள வீட்டைப் பிடித்தேன். தைக்குக் காத்திருந்தேன். கேமரா மாட்டியது ஆடியில்.

இங்கே என் இடது கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பெரம்பலூருக்கு மேற்கே என் ஊர். ஒன்பதாவது வரை படித்தேன். ஒன்பதாவதை முழுதாகப் படித்தேன் என்று சொல்ல முடியாது. மக்காச்சோளம் அடிக்கும் சீசனில், டிராக்டரில் மிஷினைக் கட்டி ஊர் ஊராக இழுத்துப் போகும் கூட்டத்தோடு கிளம்பிவிட்டேன். கதிரை உள்ளே தள்ளுவதுதான் என் வேலை. ஒருநாள் உள்ளிருந்து ஒரு சக்கைத் துண்டு பறந்து வந்து இடது இமையைக் கிழித்துக்கொண்டு போனது. பெரம்பலூர் பெரியாஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. இமை மட்டும் பாதியிலேயே நின்றுவிட்டது. தூக்கத்தில் பாதி எழுந்தவனுக்கு இருக்குமே, அப்படி. லைசென்ஸ் எடுக்கும்போது ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டினேன். அதற்கப்புறம் சவரம் செய்யும்போது தவிர அந்த இமை எனக்கு நினைவுக்கு வந்ததில்லை.

கேமரா மாட்டிய மறுநாள் ஆலையின் பாதுகாப்பு ஆபீசில் எங்களை உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் பெஞ்சில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஆளுக்கு ஒரு டேப்லெட் கொடுத்தார்கள். அதில் படம் ஓடும், தள்ளிவிட முடியாது. முடிவில் கேள்வி வரும், விரலால் தொட வேண்டும். 'சோர்வாக இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று ஒரு கேள்வி. வண்டியை ஓரமாக நிறுத்தி இளைப்பாறும் படம், முகம் கழுவும் படம், டீ குடிக்கும் படம். எனக்குப் பக்கத்தில் ஜெயங்கொண்டத்துக்காரர் ஒருவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், டீயைத் தொட்டார். டேப்லெட் கர்ரென்றது.

"டீ குடிக்காம எவன்டா வண்டி ஓட்டுறான்?" என்றார் டேப்லெட்டைப் பார்த்து. மறுபடியும் டீயைத் தொட்டார். மறுபடியும் கர்.

"மாமா, மொத படம்" என்றேன்.

"நிறுத்திட்டுப் படுத்தா இவன் சம்பளம் குடுப்பானா?" என்று கேட்டுக்கொண்டே முதல் படத்தைத் தொட்டார். பச்சை டிக் விழுந்தது.

நான் முதன்முதலாகத் தொட்ட கம்ப்யூட்டர் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கென்று ஓர் அறை ஒதுக்கித் திரை போட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். சாவி சார் பாக்கெட்டில் இருக்கும். சரஸ்வதி பூஜைக்கு முந்தைய நாள் என் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்து, "எல்லாத்துக்கும் வையிடா, ஒழுக விட்டுறாத" என்றார். நெற்றி எது என்று தெரியவில்லை. ஒவ்வொரு திரைக்கும் நட்ட நடுவில் சந்தனத்தை வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தேன். சார் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பூஜை முடிந்ததும் அறையைப் பூட்டிவிட்டார்கள். அவற்றில் ஒன்றைக்கூட ஆன் செய்து நான் பார்த்ததில்லை. அடுத்த சோள சீசனில் நான் பள்ளிக்கூடத்தில் இல்லை.

கேமரா முதல் நாளே என்னோடு ஆரம்பித்துவிட்டது. சுரங்கத்தை விட்டு ரோட்டில் ஏறியதுமே ஒரு பெண் குரல், "ஓட்டுநரே, விழித்திருக்கவும்" என்றது.

"முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

"ஓட்டுநரே, விழித்திருக்கவும்."

ஆலை வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தது. மற்ற வண்டிகளில் எப்போதாவது ஒருமுறை கத்தும். என் வண்டியில் ஓயவில்லை. டிரைவர்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். டீக்கடையில் ஜெயங்கொண்டத்து மாமா கேட்டார்:

"எங்க வூட்டு மாமியாளுங்கல்லாம் சும்மாத்தான் இருக்காளுங்க. உன் மாமியா மட்டும் ஏன் மாப்ள இந்தக் கத்து கத்துறா?"

"அவ பொண்ண நான் சரியா வச்சுக்கலயாம் மாமா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒவ்வொரு தடவை அது கத்தும்போதும் ஆபீசில் ஒரு திரையில் என் முகம் வரும். திரும்பத் திரும்ப வந்தால் பாஸை நிறுத்திவைப்பார்கள். ஒரு வாரம் போவதற்குள் கான்ட்ராக்டரின் மேனேஜர் போன் செய்தார்.

"என்னய்யா, வண்டியில பாய் விரிச்சுப் படுத்துட்டியா?"

சோளம் அடிக்கும் மிஷினில் ஆரம்பித்து இமைக்கதையை முழுதாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும்யா. மிஷின்கிட்டச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

வழி சொன்னது மாமாதான். மருந்துக்கடையில், காயத்தின்மேல் பஞ்சை ஒட்டுவதற்கு மெல்லிசாக, நிறம் தெரியாமல் ஒரு பிளாஸ்டர் விற்கும். அதில் ஒரு துண்டைக் கிழித்து, என் இமையை மேலே இழுத்து, புருவத்துக்குக் கீழே ஒட்டிவிட்டார். சைடு கண்ணாடியில் பார்த்தேன். எதையோ கண்டு திடுக்கிட்டவன் மாதிரி ஒரு கண் இருந்தது. வண்டியை எடுத்தேன். மாமியார் வாய் திறக்கவில்லை.

"பாத்தியா, மருமவன் கண்ணத் தொறந்துட்டான்னதும் அடங்கிட்டா" என்றார் மாமா.

அப்படியே ஓட்டினேன். இமைக்க முடியாது, அது ஒன்றுதான். சுண்ணாம்புத் தூசி உள்ளே போனால் கரிக்கும். தண்ணீர் வழியும், துடைத்துக்கொள்வேன். லோடு இறக்கியதும் பிளாஸ்டரை எடுத்துவிட்டுச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, திரும்ப ஒட்டிக்கொள்வேன். பிளாஸ்டரோடு நாலு முடியும் சேர்ந்து வரும். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் புருவம் இல்லை. வலித்ததா என்று மாமா கேட்டபோது யோசித்துப் பார்த்தேன். வலித்திருக்க வேண்டும். பழகிவிட்டது என்றும் சொல்ல முடியாது, பழகவில்லை என்றும் சொல்ல முடியாது.

சுரங்கத்தில் லோடுக்கு வரிசையில் நிற்கும் நேரம்தான் எங்களுக்குப் பொழுதுபோக்கு. வண்டிக்குள் போனைக் கையில் எடுத்தால் மாமியார் கத்துவாள் என்பதால் எல்லாரும் இறங்கி, சீமைக்கருவேல மரத்து நிழலில் குந்திக்கொள்வோம். ஆளுக்கு ஒரு போன், ஆளுக்கு ஒரு இயர்போன். ஒருவன் சமையல் பார்ப்பான். மாமா வெளியூர்ச் சந்தைகளில் ஆடு விற்பதைப் பார்ப்பார். எனக்கு என் போன் லாரிகளைத்தான் காட்டும். பனி கொட்டும் மலை ரோட்டில் யாரோ ஒருவன் பெரிய லாரி ஓட்டிக்கொண்டு போவான். பேச மாட்டான், வளைவு வளைவாகப் போய்க்கொண்டே இருப்பான். நான் எப்போது கேட்டேன் என்று தெரியவில்லை, அது கொடுத்துக்கொண்டே இருந்தது. வேலையும் லாரி, ஓய்வும் லாரி. பார்த்து முடித்தால் எதைப் பார்த்தோம் என்பது நினைவில் நிற்காது. ஆனால் அந்த போன் என் முகத்தைப் பார்த்துத்தான் திறக்கும். பிளாஸ்டர் போட்டிருந்தாலும் திறந்தது, போடாவிட்டாலும் திறந்தது.

இப்படியே புரட்டாசி முடிகிற நேரம் ஆயுத பூஜை வந்தது.

அன்றைக்குக் காலையில் வண்டி ஓடாது. டிப்பர்களை வரிசையாக நிறுத்திக் கழுவினோம். வாழைக்கன்று கட்டினோம், மாவிலைத் தோரணம் கட்டினோம். ஒரு குண்டானில் சந்தனம் கரைத்து ஒவ்வொரு வண்டியாக ஏறினோம். ஸ்டியரிங், கியர் தண்டு, ஜாக்கி, வீல் ஸ்பேனர், தார்ப்பாய் கட்டும் கம்பி என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. மாமா என் வண்டிக்குள் ஏறி மேலே பார்த்தார்.

"இதுக்கு?"

"அதுக்கும் வையி மாமா. அதுவும் மிஷின்தான்."

"அதானே. மாமியாளுக்கு மட்டும் வைக்காம வுட்டா மனசுல வச்சுக்குவா."

கேமராவுக்கு நெற்றி எது என்று அவரும் தேடியிருக்க வேண்டும். அந்தச் சின்னக் கறுப்புக் கண்ணாடியின் மேலேயே கட்டைவிரலால் சந்தனத்தை அப்பி, குங்குமத்தை வைத்தார். அப்படி எல்லா வண்டிக்கும் வைத்தார்கள். எலுமிச்சையை நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை தின்று முடித்தோம்.

மத்தியானம் ஆலைக்குக் கல் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வண்டிகள் கிளம்பின. கேமராவில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பூஜை நாளில் சிவப்பாக ஒன்று எரிவது யாருக்கும் தப்பாகப் படவில்லை. அப்படிப் பட்டிருந்தாலும் துடைத்திருக்க மாட்டோம். வைத்த பொட்டை யார் அழிப்பார்கள்? அது தானாகக் காய்ந்து உதிர வேண்டும்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் குரல் வரவே இல்லை என்பதைக் கவனித்தேன். பிளாஸ்டரை உரித்து வெளியே எறிந்தேன். இமை அதன் இடத்துக்கு இறங்கியது. அன்றைக்கு முழுக்க அப்படியே ஓட்டினேன். சந்தன வாசனை இருந்தது. வெயில் நன்றாக அடித்தது. சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது, ஒன்றும் உறுத்தவில்லை என்று சொல்லலாம்.

மறுநாள் காலையில் கேட்டில் எங்கள் எல்லாருடைய பாஸையும் வாங்கி வைத்துக்கொண்டு ஆபீசுக்கு அனுப்பினார்கள். பாதுகாப்பு அதிகாரி ஒரு சின்னப் பெண். இன்ஜினியருக்குப் படித்துவிட்டு வந்த முதல் வேலை இது என்று பேச்சு. மேசைமேல் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். அதில் வரிசையாகக் கட்டங்கள், எல்லாக் கட்டமும் கறுப்பு. ஓரத்தில் மட்டும் மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

"எல்லாருமா சேந்து கேமராவ மறைச்சிருக்கீங்க. ஸ்ட்ரைக்கான்னு மேல கேக்குறாங்க. நான் என்ன சொல்றது?"

"மறைக்கலம்மா. பொட்டு வச்சோம்" என்றார் மாமா.

"கேமராவுக்கா?"

"ஆயுத பூஜ இல்லீங்களா. நீங்ககூட அந்தப் பிரிண்டருக்கு வச்சிருக்கீங்களே."

அவள் திரும்பிப் பார்த்தாள். பிரிண்டரில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. கம்ப்யூட்டர் திரையின் மேல் விளிம்பிலும் இருந்தன. சிரிப்பை அடக்க அவள் தண்ணீர் குடித்தாள்.

"சரி. அதுக்காகக் கண்ணு மேலயே வைப்பீங்களா?"

"வேற எங்க வைக்கிறதும்மா? அதுக்கு இருக்குறதே கண்ணு மட்டுந்தான்."

எல்லாருக்கும் எச்சரிக்கை செய்து பாஸைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தாள். ஆனால் கொடுக்கும் முன் ஒவ்வொரு வண்டியிலும் பழைய படத்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் விதி. என் முறை வந்தபோது திரையை நிறுத்தி, என் முகத்தைப் பெரிதாக்கினாள். புருவத்துக்குக் கீழே பிளாஸ்டர் பளபளத்தது.

"அண்ணா, இது என்னங்கண்ணா?"

சொன்னேன். பிளாஸ்டர் இல்லாத என் நிஜக் கண்ணைக் கிட்ட வந்து பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

"எத்தனை மாசமா இப்படி ஓட்டுறீங்க?"

"மாட்டுனதுலேர்ந்து மேடம்."

எனக்கு முன்னாலேயே கேமரா கம்பெனிக்குப் போன் போட்டாள், ஸ்பீக்கரில் வைத்தாள். ஒரு கண்ணை மட்டும் விட்டுவிடச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். அந்தப் பக்கத்து ஆள், ரெண்டு கண்ணும் சேத்துத்தான் கணக்கு மேடம், ஒரு ஆளுக்காக மாத்த வராது என்றான். அவள் இன்னொரு விதமாகக் கேட்டுப் பார்த்தாள். அதே பதில்.

"எனக்கு மாத்துற அதிகாரம் இல்லீங்கண்ணா. பிளாஸ்டரோட வுடவும் முடியாது. பாஸ் இங்க இருக்கட்டும்" என்றாள். பிறகு, "இமையத் தூக்கி வைக்கிற ஆபரேஷன் இருக்கு. கவர்மெண்ட் காப்பீட்டு அட்டை இருக்குல்ல? திருச்சியில பெரியாஸ்பத்திரியில கேட்டுப் பாருங்க. முடிச்சுட்டு வந்தா நானே பாஸ் குடுக்குறேன்" என்றாள்.

வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தேன். முந்திரி கம்பெனியில் இருந்தாள். பேச்சுக்குப் பின்னால் கொட்டை உடைக்கும் சத்தம் டக் டக்கென்று வந்துகொண்டிருந்தது.

"பாஸப் புடிச்சு வச்சுட்டாங்க" என்றேன். காரணத்தையும் சொன்னேன்.



"ஓடப்போறீங்களா?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள், "ஆளு வராங்க, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

காப்பீட்டு அட்டை ஊரில் என் அண்ணன் வீட்டில் இருந்தது. மறுநாள் பெரம்பலூர் போய், ஊருக்குப் போய், அட்டையை எடுத்துக்கொண்டு திரும்பப் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். துணிப்பையும் கையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருக்கும் என்று எடுத்துவைத்ததுதான். ஆனால் அந்தப் பையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றால் என் கால் வேறு மாதிரி ஆகிவிடும்.

பழைய ரிக் முதலாளி அன்றைக்குப் பார்த்துப் போன் செய்தார். நான் வேலை இல்லாமல் இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

"மத்தியப் பிரதேசம் போவுது வண்டி. டிரைவர் இல்ல. வரியா?"

"கேமரா இருக்கா?"

"எதுக்கு? காட்டுல உன் மூஞ்சிய யாரு பாக்கப்போறா?"

ஆத்தூர் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. அதில் ஏறினால் சேலம், அங்கிருந்து ரிக் வண்டிகள் நிற்கும் ஊர். பக்கத்தில் திருச்சி பஸ் நின்றது. ஆத்தூர் கண்டக்டர், "ஆத்தூர், ஆத்தூர், ஏறுங்க, எடம் இருக்கு" என்று என்னைப் பார்த்தே கத்தினார். பஸ்ஸில் இடம் இருந்தது. ஜன்னலோர இடம்கூட இருந்தது.

தீர யோசித்து முடிவெடுத்தேன் என்று எழுத மாட்டேன். அவள் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். நான் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை. ஆத்தூர் பஸ்ஸில் கால் வைத்தால் அதுவே பதிலாகிவிடும் என்று பட்டது. திருச்சி பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் இல்லை. பாடாலூர் தாண்டித்தான் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் பல தடவை வரச்சொல்லி அலையவிட்டுத்தான் செய்தார்கள். தீபாவளி கழிந்திருந்தது. மயக்கம் கொடுக்கவில்லை, இமையில் மட்டும் ஊசி போட்டு மரக்க வைத்தார்கள். கத்தி ஓடுவது தெரிந்தது, வலி தெரியவில்லை. டாக்டர் நடுநடுவே "கண்ணத் தொறங்க, மூடுங்க" என்றார். திறந்தேன், மூடினேன்.

"ஒண்ணு சொல்லிடுறேன்" என்றார் டாக்டர். "உங்களுக்குப் பழைய தழும்பு இருக்கிறதால ரொம்பத் தூக்க வேண்டியிருக்கு. தூங்கும்போது முழுசா மூடாது. கொஞ்சம் தெறந்தேதான் இருக்கும். பரவால்லயா?"

"பகல்ல தொறந்திருந்தாப் போதும் சார்" என்றேன்.

வீக்கம் வற்றும்வரை கான்ட்ராக்டர் ஷெட்டில் வண்டி கழுவினேன். பிறகு பாதுகாப்பு ஆபீஸ் பெண் என்னை ஒரு டிப்பரில் ஏற்றி உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, ஆலைக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டச் சொன்னாள். மாமியார் பேசவில்லை. பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அந்த வாரம் டிரைவர்கள் வாட்ஸ்அப் குழுவில் அவள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கேமராவின் படம், அதன் பக்கவாட்டில் அம்புக்குறி. 'இனி பூஜைக்குப் பொட்டை இங்கே வைக்கவும்.' மாமா அதற்குக் கும்பிடு போட்டிருந்தார்.

மனைவி சொன்னபடி பொங்கலுக்கு முன்னால் ஜெயங்கொண்டம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு பெட்டி, ஒரு குக்கர், ஒரு பை முந்திரிப் பருப்பு. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ரயில் போனால் பாத்திரம் ஆடுகிறது என்றாள். என் கண்ணை வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தாள். "பரவால்ல, ஆளு முழிச்ச மாதிரி இருக்கீங்க" என்றாள். குழந்தையைப் பற்றி இருவரும் பேசவில்லை. போனில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. அவள் போனிலும் இருக்கும்.

வேலையில் ஒரு குறையும் இல்லை. கேமரா என்னை ஒன்றும் சொல்வதில்லை. நான் நிஜமாகவே தூங்கிவிட்டால் அது சத்தம் போடுமா என்று எனக்குத் தெரியாது. இரண்டு கண்ணும் சேர்த்துத்தான் கணக்கு என்று கேமரா கம்பெனி ஆள் சொன்னது அவ்வப்போது ஞாபகம் வரும். ஆபீசில் கேட்கலாம். கேட்கவில்லை. தூக்கம் வருகிற மாதிரி இருந்தால், டேப்லெட்டில் பச்சை டிக் விழுந்த படத்தில் இருந்தபடி ஓரமாக நிறுத்திவிடுகிறேன்.

பொங்கலுக்கு அடுத்த வாரம், முதல் ஷிப்ட் முடித்து வந்து மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். எழுந்தபோது அவள் என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"கூப்புட்டேன். ரெண்டு தடவ கூப்புட்டேன்" என்றாள்.

"தூங்கிட்டேன்."

"கண்ணு என்னயத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. பேச்சு இல்ல. இருக்கீங்களா, போயிட்டீங்களான்னே தெரியல."

"இருக்கேன் புள்ள."

அவள் எழுந்து போய் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து வந்து, இடது கண்ணின்மேல் மடித்துப் போட்டாள். ஜில்லென்று இருந்தது.

"இதப் போட்டுக்கிட்டுத் தூங்குங்க. வேலைக்குப் போறப்ப எடுத்துக்கலாம்."

ரயில் போனது. பாத்திரம் ஆடியது. நான் திரும்பத் தூங்கிவிட்டேன்.